மீன் வலையில் வடித்த பீர்

போட்டியில் கோப்பை வாங்கிய தன் பீரை ரேவின் டால்பட் மீன் வலையில் வடிகட்டியிருக்கிறார் என்ற செய்தி திங்கட்கிழமை காலை ரொட்டிக் கடையில் என் காதுக்கு வந்தபோது அதில் வலை மட்டும்தான் இருந்தது. பெட்ரோல் பங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் வலையில் ஒரு விலாங்கு மாட்டியிருந்தது. தபால் நிலைய வரிசையில் அந்த விலாங்கு செத்து மூன்று நாளாகியிருந்தது. மதியம் புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் கிளப் வாசலில் கேட்டபோது, பீரைச் சுவைக்கப் பக்கத்து நகரமான நெல்சனிலிருந்து வந்த நடுவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னும் இரண்டு தெரு நடந்திருந்தால் மலர்வளையத்துக்கு என்னிடமே சந்தா கேட்டிருப்பார்கள்.

எங்கள் மோட்டுவேக்கா ஊரின் வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த வதந்தியையும் விசாரிக்காமல் பரப்புவதில்லை. விசாரித்தால் பெரும்பாலும் அதைவிட நல்ல வதந்தியாகக் கிடைக்கும். முதலில் நெல்சனுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்த நடுவர் தன் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று இலை அள்ளிக்கொண்டிருந்தார். மீனாவது கீனாவது, அந்த பீர் மிச்சம் இருந்தால் இரண்டு பாட்டில் அனுப்பச் சொல்லுங்கள் என்றார். விலாங்கும் ஆஸ்பத்திரியும் தீர்ந்தன. வலை தீரவில்லை.

வலை தீராததில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊர் பீர் காய்ச்சுவோர் சங்கத்தின் விதி பதினொன்று, மீனுக்கோ இறைச்சிக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ பயன்பட்ட எதுவும் பீரைத் தொடக் கூடாது என்கிறது. ஒரு காலத்தில் ஓர் உறுப்பினர் நாயைக் குளிப்பாட்டும் தொட்டியில் பீரைப் புளிக்க வைத்து, அது மூன்றாம் பரிசும் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த விதி. அந்த விதியை எழுதியவர் சங்கத் தலைவர் கிரேம் பாஸ்கோ. இரசாயன ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஏழு ஆண்டுகளாகப் பச்சைப்பூக் கோப்பை அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. இந்த ஆண்டு ரேவின் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிரேம் பொறாமையில் துள்ளினார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அவர் துள்ளவில்லை. கேள்விப்பட்டதை விசாரிக்க வியாழக்கிழமை கூட்டம் போட்டார், அவ்வளவுதான். அவர் பொய் சொல்லமாட்டார், விதியை வளைக்கமாட்டார். ஊரில் அவரோடு இருக்கும் தொந்தரவே அதுதான்.

கோப்பை என்று சொல்கிறோமே தவிர, அது ஜாம் காய்ச்சும் பழைய செப்புச் சட்டி. அடியில் நசுங்கல் வேறு. அதற்காக யாரும் உயிரை விடமாட்டார்கள். விஷயம் சட்டியில் இல்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப் கொடியின் பூ. அன்று பறித்த அந்தப் பூவை உலர்த்தாமல் பச்சையாகவே அன்றே அண்டாவில் போட்டுக் காய்ச்சிய பீருக்குத்தான் இந்தப் போட்டி. நடுவர் சுவைத்த ஒரு வாய் போக, ஜெயித்த நாற்பது லிட்டர் பீரும் மே மாதம் முதல் சனிக்கிழமை ஹாப் கொட்டகையில் நடக்கும் விருந்துக்குப் போகும். அந்த வருடம் பூப் பறித்தவர்கள், கொடி அறுத்தவர்கள், உலர்த்தியவர்கள் எல்லோரும் நீள மேஜையில் உட்கார்ந்து குடிப்பது அதைத்தான்.

ரேவின் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. மார்ச் வந்தால் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் ஹாப் தோட்டத்தில் வேலை. இந்த ஆண்டுக்கு முன்பே பத்தொன்பது பருவம் முடித்திருந்தார். முதல் எட்டு வருடம் பறிக்கும் எந்திரத்தில் நின்றார். அப்புறம் உலர்த்தும் மாடி. அந்த நீள மேஜையில் பத்தொன்பது தடவை உட்கார்ந்திருக்கிறார். பத்தொன்பது தடவையும் ஒரே காட்சி. கண்ணாடி போலத் தெளிந்த கோப்பை பீரை எல்லோரும் மரியாதைக்கு ஒரு கிளாஸ் குடிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, மூலையில் இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் கடை பீர் கேனைத் தேடுவார்கள். பறித்தவர்கள் வாயில் அவர்கள் பறித்த பூவே மணக்கவில்லை. அந்த மேஜையில் தன் பீர் இருக்க வேண்டும், அன்று ஐஸ் பெட்டி மூடியே கிடக்க வேண்டும். பீர் காய்ச்சத் தொடங்கிய ஒன்பது வருடமாக ரேவினுக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். வியாழக்கிழமை கோப்பை பறிபோனால் நாற்பது லிட்டரும் மேஜைக்குப் போகாது.

செவ்வாய்க்கிழமை நான் மெரியானாவின் மீன் வறுவல் கடைக்குப் போனேன். வலை என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். கல்லாவுக்கு மேல் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஆற்றங்கரையில் மெரியானாவின் அப்பா டிப்பேனே நிற்கிறார். வலக்கையில் வாளி, வாளி நிறைய வொயிட்பெயிட். இடக்கையில் நீல வளையம் போட்ட புத்தம்புது வலை. வளையத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீன்குஞ்சு என்றுதான் சிப்ஸுக்குக் காத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படத்தின் அடியில் மெரியானாவின் கையெழுத்தில், 'அக்டோபர் 30, சீசன் கடைசி நாள், நான் வாங்கிக் கொடுத்த வலை' என்று இருக்கிறது.

வொயிட்பெயிட் பிடிக்க செப்டம்பர், அக்டோபர் என இரண்டே மாதம்தான் அனுமதி. நூல் துண்டு போல உடம்பும் புள்ளியாகக் கண்ணும் வைத்துக்கொண்டு கடலிலிருந்து ஆறேறி வரும் குஞ்சுகளை அந்த இரண்டு மாதமும் ஊரே கரையில் நின்று அள்ளி, முட்டையில் போட்டு அடை சுடும். மிச்ச பத்து மாதமும் வலைகள் ஷெட்டில் சும்மா தொங்கும். ஹாப் பறிப்பு மார்ச்சில். ரேவினும் டிப்பேனேவும் பக்கத்துப் பக்கத்து வீடு. வேலிக்கு இந்தப் பக்கம் வடிகட்டி அகப்படாமல் தவிக்கும் ஓர் அண்டா, அந்தப் பக்கம் வேலையில்லாத ஒரு வலை. இந்த ஊரில் இது நடக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வதந்தியின் மூலம் மெரியானாவேதான் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. வலை எங்கே என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு ரேவின் பீருக்கு வாங்கிப் போனாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். கோப்பை கிடைத்ததும் இவள் பெருமையாகக் கடையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். விலாங்கைச் சேர்த்தது அந்த நாலு பேர்.

"எங்கப்பா வலைதான். கோப்ப வாங்கின வல. பேப்பர்ல போட்டுக்கோ," என்றாள்.

அது மீன் பிடித்த வலையா என்று கேட்டேன். உருளைக்கிழங்கை எண்ணெயில் இறக்கிவிட்டு, "படத்தப் பாத்துக்கிட்டே இரு, சிப்ஸ் ஆகட்டும்," என்றாள். பார்த்தேன். வாளி நிறைய மீன், கையில் வலை. ரேவினுக்குப் பாதகமாக இதைவிடத் தெளிவான சாட்சி இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு சிப்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நேரே ரேவின் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டீ கொடுத்தார். பாதி குடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"டீ எப்படி?"

"நல்லாருக்கு."

"நல்லா நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லு. மீன் வாசன அடிக்குதா?"

மீதிப் பாதி கோப்பையிலேயே நின்றது. ரேவினுக்கு ஒரே சிரிப்பு. அண்டாவில் போடுவதற்கு முன் அந்த வலையை மூன்று தடவை வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்தாராம். மூன்றாவது தண்ணீரில் டீ போட்டுக் குடித்துப் பார்த்தாராம். டீ டீயாக இருந்தால் வலை தயார் என்று கணக்கு. இன்று எனக்காக நாலாவது தடவை. என் தொழிலில் பல வீடுகளில் டீ குடித்திருக்கிறேன், இவ்வளவு முறையாக யாரும் உபசரித்ததில்லை.

பிறகு ஷெட்டைத் திறந்து காட்டினார். ஒன்பது வருட வடிகட்டிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. பார்த்தால் தோற்ற கட்சிகளின் கொடிகள் மாதிரி இருந்தது. முதலில் மெல்லிய துணிப்பை. பச்சைப் பூவைத் திணித்து முடிச்சுப் போட்டால் அது தலையணை மாதிரி உப்பி மிதக்கும். நடுவில் இருக்கும் பூ கடைசிவரை நனையாது, பீரில் புல் வாசனைதான் வரும். அப்புறம் காலுறை, பெண்கள் போடும் நைலான் காலுறை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வடித்தது. ஆனால் அண்டாவிலிருந்து தூக்கும்போது கணுக்கால்வரை பூவோடு நீண்டு தொங்கியதைப் பார்த்த தபால்காரர் அந்த வருடம் முழுக்க இவர் வீட்டு வாசலில் நிற்காமல் போனார். அப்புறம் அண்டாக் குழாயின் உள்முனையில் மாட்டும் கம்பிக் குழல். பச்சைப் பூவோடு, கசப்புக்காகக் கடையில் விற்கும் உலர்பூப் பொடி மாத்திரையையும் போட்டதும் கால் மணி நேரத்தில் சேறு அடைத்தது போல அடைத்துக்கொண்டது. நாற்பது லிட்டரையும் சூப் கரண்டியால் அள்ளி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. பேருந்தில் ஏறவேண்டிய பிள்ளைகள் அன்று இருபது நிமிடம் தாமதமாக வீட்டுக்குப் போனார்கள். காரணத்தைப் பள்ளியில் கேட்டபோது 'அடைப்பு' என்று மட்டும் சொன்னாராம்.

கடைசியாகத் தொங்கியது எவர்சில்வர் உருளை. கிரேம் வைத்திருப்பதும் இதே வகைதான். அண்டாவின் விளிம்பில் மாட்டி உள்ளே தொங்கவிடுவது. கண் அவ்வளவு பொடி, வெளிச்சத்தில் பிடித்தால் பனி மூட்டம் மாதிரி தெரியும். சங்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் வாங்கச் சொல்வார்கள். இரண்டு கிறிஸ்துமஸ் பரிசுப் பணத்தைச் சேர்த்து வாங்கினார். அதற்குள் பச்சைப் பூ நானூறு கிராம் போட்டாலே பிதுங்கிவிடும். ரேவினுக்குப் போட வேண்டியிருந்தது மூன்று கிலோ.

"கிரேம் பீரு ஏன் அவ்வளவு தெளிவு தெரியுமா? உள்ள ஒண்ணுமே இல்ல," என்றார். "குறையா சொல்லல. அந்த உருளைக்குள்ள அவ்வளவுதான் புடிக்கும்."

இந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில், உலர்த்தும் மாடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் இவருக்கு உறைத்திருக்கிறது. பதினோரு வருடம் அந்த மாடியில் நின்றவருக்கு அன்று ஏன் உறைத்தது என்று கேட்டேன். அதற்கு முன் பதினோரு வருடமும் தரையைப் பார்த்ததே இல்லை, பூவைத்தான் பார்த்தேன் என்றார்.

"மாடியில பூ மார் உசரத்துக்குக் கிடக்கும். கீழ இருந்து சூடான காத்து அத்தனையையும் தாண்டி மேல வரும். அடியில என்ன இருக்குது? சாக்கு மாதிரி ஒரு துணி. சுண்டு விரல் நுழையற கண்ணு. அதுல ஒரு பூ கீழ விழுதா? விழாது. பூவே பூவப் புடிச்சுக்குது. நான் ஒம்பது வருஷமா பூவத் தடுக்கறேன்னு நெனச்சுக்கிட்டு சாறத் தடுத்துட்டு இருந்திருக்கேன்."

அதாவது, வடிகட்டி வேண்டியது பூவைத் தாங்கிக்கொள்ள மட்டும். வடிகட்டும் வேலையைப் பூவே செய்துகொள்ளும். கண் பொடியாக இருக்கக் கூடாது, பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் பூ நழுவும் அளவுக்குப் பெரிதாகவும் கூடாது. இப்படி ஒரு கண்ணைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், வேலிக்கு அப்பால் டிப்பேனேவின் ஷெட் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே நீல வளையம்.

வளையத்திலிருந்து வலையை வெட்டியெடுத்து, அண்டாவுக்கு உள்சட்டை தைப்பதுபோல அளவெடுத்துத் தைத்தார். மூன்று கிலோ பூவும் உள்ளே இஷ்டத்துக்கு நீந்தியது. அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் விட்டதும் பூ அப்படியே இறங்கிப் படுக்கையாகப் படிந்தது. குழாயைத் திறந்தார். முதல் இரண்டு செம்பு கலங்கல். அதைத் திரும்ப மேலேயே ஊற்றினார். மூன்றாவது செம்பில் வந்த சாறு தேன் நிறத்தில், தெளிவாக, நாற்பது லிட்டரும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. குழாய்ப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம். இதைச் சொல்லும்போது ரேவினின் முகம் மலர்ந்த மாதிரி, ஜாம் சட்டியை வாங்கிய அன்றுகூட மலர்ந்ததில்லை.

எல்லாம் சரி, வியாழக்கிழமைக்கு ஒரே கேள்விதான் என்றேன். அந்த வலை ஆற்றில் இறங்கியதா, இல்லையா?

ரேவின் ஷெட் கதவைச் சாத்தினார். "வல நல்ல வல. அதுக்கு மேல என்னக் கேக்காத."

ஒன்பது வருடப் பேச்சைக் கொட்டியவர், ஒரு சொல்லில் ஜெயிக்க வேண்டிய இடத்தில் வாயை மூடினால் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது. வேலியைச் சுற்றிக்கொண்டு டிப்பேனே வீட்டுக்குப் போனேன்.

டிப்பேனேவுக்கு எழுபத்தொரு வயது. ஷெட்டில் பழைய வலை ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருட வலை. மூங்கில் கழியில் கை பட்ட இடம் பள்ளமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தார். மறைக்கிற அளவு சின்ன வலை இல்லை அது. பத்து நிமிடம் ஆற்று நீர்மட்டம் பற்றிப் பேசிவிட்டு, அப்புறம் அவரே உடைத்தார். எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் புது வலை வாங்கிக் கொடுத்தாள். அவருக்குப் பழைய வலைதான் ராசி. சீசன் முழுக்க, விடிவதற்குள் புது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஆற்றங்கரைப் புதரில் அதை வைத்துவிட்டு, அங்கே ஒளித்து வைத்திருக்கும் பழையதை எடுத்து மீன் பிடிப்பார். கடைசி நாளில் மகள் கேமராவோடு வந்துவிட்டாள். வாளியை ஒரு கையிலும் புதுசை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பழைய வலைக்கு ஆறு தெரியும். புதுசுக்கு ஒண்ணும் தெரியாது. அத எப்படிப்பா அவகிட்டச் சொல்றது? எல்லாம் நீ குடுத்த வலையால வந்த மீனுன்னு ரெண்டு மாசமா சொல்லிட்டேன்."

மார்ச்சில் ரேவின் வலை கேட்டபோது இந்தக் கதையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார், ஆற்றில் இறங்காத வலைதான், தைரியமாக வெட்டிக்கொள், மெரியானாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று. ரேவினும் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

"ரேவின் வாயத் தொறக்கமாட்டா," என்றார் டிப்பேனே. "அதான் பயமா இருக்கு."

நான் இதை எழுதமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமை முடியும்வரை என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை.

வியாழன் மாலை ஐந்தரைக்கு பவுல்ஸ் கிளப் அறையில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஐம்பது பேர் வந்தார்கள். சங்கத்தில் உறுப்பினர் இருபத்திரண்டு பேர்தான். மிச்சப் பேர் விலாங்கைப் பார்க்க வந்தவர்கள். செப்புச் சட்டி மேஜை நடுவில் இருந்தது. டிப்பேனே கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரேம் எழுந்து விதி பதினொன்றை நிதானமாக வாசித்தார். வடிகட்டியது வலையிலா என்று கேட்டார். ஆமாம் என்றார் ரேவின். மீன் பிடித்த வலையா என்று கேட்டார். ரேவின் செப்புச் சட்டியைப் பார்த்தார்.

கிரேம் இன்னொரு தடவை கேட்டார். ரேவின் நேராகப் பார்த்தார்.

"அத விடு கிரேம். பீரு எப்படி இருந்துச்சு?"

கிரேம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேறு யாராக இருந்தாலும் 'பரவாயில்லை' என்று சமாளித்திருப்பார்கள்.

"ஏழு வருஷமா நான் காய்ச்ச நெனச்ச பீரு அது," என்றார். "ஒரு தடவகூட எனக்கு வரல." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஆனா விதி விதிதான், ரேவின்."

சட்டியைத் தன் பக்கம் இழுக்கக் கை நீட்டினார். அப்போது பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. டிப்பேனே எழுந்து நின்றிருந்தார். தொப்பி கீழே விழுந்ததை எடுக்கவில்லை. அந்த வலை, என்று ஆரம்பித்தார். அந்த வலையைப் பற்றி நான் என் மகளிடம், என்றார். எழுபத்தொரு வயது மனிதர் பள்ளிப் பையன் மாதிரி நின்றார். ரேவின் திரும்பிப் பார்த்து உட்காரச் சொல்லித் தலையசைத்தார். இருவரில் யார் யாருக்காகத் தோற்பது என்று போட்டி நடந்துகொண்டிருந்ததை அந்த அறையில் என்னைத் தவிர யாரும் அறியவில்லை என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

வாசல் கதவு திறந்து எண்ணெய் வாசனை முதலில் வந்தது, பின்னால் மெரியானா. இடுப்பில் கடை ஏப்ரன், கக்கத்தில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த அந்தப் படம்.

"அப்பா, உக்காரு. இந்தப் படத்துக்கு ஃபிரேம் போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்."

படத்தைச் செப்புச் சட்டியின்மேல் சாய்த்து வைத்தாள். வளையத்து ஓரத்தில் இருந்த அந்த வெள்ளையைச் சுட்டிக் காட்டினாள். கிரேம் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"விலை அட்டை," என்றார். "ஐம்பத்தொன்பது டாலர் தொண்ணூறு."

"காகித அட்ட. நூல்ல கட்டினது," என்றாள் மெரியானா. "ரெண்டு மாசம் ஆத்துல போட்டு எடுத்த வலையில அது கசங்காம நிக்குமா, சார்? நீங்கதான் எனக்கு கெமிஸ்ட்ரி எடுத்தீங்க."

கிரேம் தேதியைப் பார்த்தார். அக்டோபர் 30, சீசன் கடைசி நாள். அன்றுவரை நனையாத வலை. அடுத்த செப்டம்பர்வரை மீன் பிடிக்க அனுமதி இல்லை. மார்ச்சில் அது அண்டாவுக்குள் போயிற்று. கரும்பலகையில் சமன்பாடு போடுவதுபோல விரலால் மேஜையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு படத்தை எடுத்து மெரியானாவிடம் கொடுத்தார். சட்டியை இரண்டு கையாலும் ரேவின் பக்கம் தள்ளினார்.

"மீனுக்குப் பயன்படல. விதி பதினொன்னு இதுக்குப் பொருந்தாது. கூட்டம் முடிஞ்சது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விலாங்கைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம் தட்டினார்கள். டிப்பேனே தலை குனிந்தே இருந்தார். மெரியானா அவர் தொப்பியை எடுத்துத் தட்டி, தலையில் வைத்தாள். அந்தப் புதரில் பழைய வலையை ஒளித்து வைத்திருந்தால் மழையில் கழி உளுத்துப் போகாதா, வீட்டிலேயே வைக்கத் தெரியாதா என்று கதவுவரை திட்டிக்கொண்டே கூட்டிப் போனாள். அவர் முகம் பார்க்க வேண்டுமே, இரண்டு மாதம் பிடித்த மீனையெல்லாம் ஒரே நாளில் பிடித்த மாதிரி இருந்தது.

கிரேம் மட்டும் கிளம்பவில்லை. எல்லோரும் போன பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்தார்.

"கண்ணு எத்தன மில்லிமீட்டர், ரேவின்?"

மே மாதம் முதல் சனிக்கிழமை ஹாப் கொட்டகையில் நீள மேஜை போட்டார்கள். நாற்பது லிட்டர் ஐம்பது நிமிடத்தில் தீர்ந்தது. கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன். பருவத்துக்குப் பருவம் வனுவாட்டு தீவுகளிலிருந்து வந்து கொடி அறுக்கும் ஒருவர், முதல் மடக்கைக் குடித்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையை முகர்ந்தார். மறுபடி கிளாஸை முகர்ந்தார்.

"மூணு மணிக்கு வெயில்ல லாரி நிறைய பூ வந்து நிக்கும்ல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "அந்த வாசன."

மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அந்தப் பேச்சுப் போயிற்று. தங்கள் கை மணத்தையே யாரோ ஊற்றிக் கொடுத்த மாதிரி எல்லோரும் குடித்தார்கள். மூலையில் ஐஸ் பெட்டி இருந்தது. மூடியை ஒருவரும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது ஐஸ் உருகி, கேன்கள் அத்தனையும் அப்படியே மிதந்துகொண்டிருந்தன. ரேவின் அதை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பேருந்து ஓடாத ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் தன் காரில் ஊருக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

ஒரு விஷயம்தான் இன்னும் முடியவில்லை. வெட்டிய வலைக்குப் பதில் வலை தருவதாக ரேவின் மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். ஆகஸ்டில் அதே நீல வளையம் போட்ட வலையை வாங்கி வேலி வழியாக நீட்டினார். டிப்பேனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாங்கினால் மகள் பார்ப்பாள், பழைய குட்டு உடைந்த பிறகு இந்தத் தடவை நிஜமாகவே அதில்தான் மீன் பிடிக்க வேண்டும், சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கிரேம் ரேவினின் ஷெட்டுக்கு வந்தார். விலை அட்டையோடு ஆணியில் தொங்கும் புது வலையைப் பார்த்தார். அதன் கண்ணை அளவுகோலால் அளந்தார்.

"இது சும்மாதானே தொங்குது, ரேவின்? மார்ச்சுக்கு எனக்குக் குடேன்."

"அது என்னுது இல்ல," என்றார் ரேவின். "டிப்பேனேவுக்குக் குடுக்க வேண்டியது. சீசன் முடியறவரைக்கும் அவர் வாங்கமாட்டேங்கறார்."